கிளிஃப் கீன்: ஒரு தேசியப் பட்டம்கூட இல்லாதவர் எப்படிப் பெரிய கோச்?

கேள்வி: 2023 டிசம்பர் 2

மிஷிகன் பல்கலைக்கழகத்தில் மல்யுத்தம் சொல்லிக்கொடுத்த கிளிஃப் கீன் பெரிய மேதை என்று அக்கா போன வாரம் எழுதியிருந்தார். தேடிப் பார்த்தேன். 1925 முதல் 1970 வரை 45 வருடம் ஒரே வேலை. தேசிய அணிப் பட்டம் ஒன்றுகூட இல்லை. போதாததற்கு கால்பந்து அணிக்கும் உதவிக் கோச். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஒரே விளையாட்டில் முழுக் கவனம் வைத்திருந்தால் ஒன்றிரண்டு பட்டமாவது வந்திருக்காதா?

டிசம்பர் 2, இரவு

மேதை என்று நான் எழுதவில்லை. பெரிய கோச் என்று எழுதினேன். அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

அந்தப் பெயர் எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது மிஷிகனில், அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரிலிருந்து காரில் அரை மணி நேரம். மகன் பத்தாம் வகுப்பு. போன வருடம் மல்யுத்தத்தில் சேர்ந்தான். கோச் கொடுத்த பட்டியலில் ஷூ, மௌத் கார்டு, காதைக் காக்கும் ஹெட்கியர் என்று இருந்தது. ஹெட்கியர் வந்த பெட்டியில் கிளிஃப் கீன் என்று போட்டிருந்தது. ஏதோ கம்பெனிப் பெயர் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஆன் ஆர்பரில் ஒரு போட்டி பார்க்கப் போனால் அரங்கத்தின் பெயரே கிளிஃப் கீன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் "அவர் ஒரு மனிதர், கம்பெனி அப்புறம் வந்தது" என்று ஆரம்பித்து, இடைவேளை முழுவதும் அவரைப் பற்றியே பேசினார். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சுருக்கமாக: 1901-ல் ஒக்லஹோமாவில் செயென் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். ஒக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரியில் எட் கல்லகர் என்பவரிடம் மல்யுத்தம் கற்றார். கல்லூரிக் காலத்தில் ஒரு போட்டியிலும் தோற்கவில்லை. கால்பந்தும் ஆடினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக் அணிக்குத் தேர்வாகியும் காயத்தால் களம் இறங்க முடியவில்லை. அடுத்த வருடம் மிஷிகனில் வேலை. அப்போது வயது 24. அங்கிருந்து ஓய்வு பெறும்போது 69.

டிசம்பர் 3

காலையில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: கால்பந்துக் கோச் எப்படி மல்யுத்தம் சொல்லிக்கொடுப்பார், காலால் உதைப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று. தெளிவாக எழுதாதது என் தவறு. இது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்து, தலையில் ஹெல்மெட், எதிரே வருபவனை இடுப்பில் பிடித்துத் தரையில் சாய்ப்பது. சாய்க்கும் அந்த அசைவு மல்யுத்தத்தின் முதல் பாடத்துக்கு மிக நெருக்கம். தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும், இடுப்பை எவ்வளவு தாழ்த்த வேண்டும், பிடித்த பிறகு கால் நிற்காமல் எப்படி நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதெல்லாம் இரண்டுக்கும் பொது.

ஆற்றில் ஒரு கால் என்று கேட்டவருக்கு: இங்கே விளையாட்டுக்குப் பருவம் உண்டு. கால்பந்து ஆகஸ்டில் தொடங்கிப் பெரும்பாலும் நவம்பரில் முடியும். மல்யுத்தம் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஒன்று முடியும்போது மற்றது ஆரம்பம். நெல் அறுத்த வயலில் உளுந்து தெளிப்பது போல. அந்தக் காலத்தில் உதவிக் கோச் ஒருவர் இரண்டு விளையாட்டைப் பார்ப்பது சாதாரணம். மிஷிகன் கால்பந்தின் தலைமைக் கோச்சாகப் பின்னாளில் வந்த பென்னி ஊஸ்டர்பான், அதற்கு முன் எட்டு வருடம் அங்கேயே கூடைப்பந்துக் கோச்சாக இருந்தவர்.

கீன் கால்பந்தில் உதவிக் கோச்சாக இருந்தது 1926 முதல் 1958 வரை. தலைமைக் கோச்சுகள் மாறிக்கொண்டே இருந்தார்கள்: யோஸ்ட், வீமன், கிப்கி, கிரிஸ்லர், ஊஸ்டர்பான். இவர் மாறவில்லை. தலைமை மாறினால் உதவிக் கோச்சுகளைக் கூண்டோடு அனுப்புவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். ஐந்து பேரும் இவரை வைத்துக்கொண்டார்கள் என்றால் அது சும்மா இல்லை.

டிசம்பர் 3, பிறகு

இன்னொன்று விட்டுப்போயிற்று. இரண்டும் ஆடிய பையன்கள் அவரிடம் இருந்தார்கள். டேவ் போர்ட்டர் 1966-லும் 1968-லும் ஹெவிவெயிட் பிரிவில் தேசிய சாம்பியன், கால்பந்து அணியிலும் ஆடினார். 1970-ல் கீன் விலகியதும் அந்த இடத்துக்கு வந்த ரிக் பே, மாணவராக இருந்தபோது மிஷிகனில் இரண்டும் ஆடியவர். ஆக, கவனம் சிதறியது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரே பையனை ஆறேழு மாதம் தொடர்ந்து பார்க்கிற வாய்ப்பு அது.

டிசம்பர் 9

பட்டம் விஷயத்துக்கு வருகிறேன். தனிநபர் சாம்பியன்கள் கீனிடம் பலர் உண்டு. அணிப் பட்டம் இல்லை, உண்மை. ஏன் இல்லை என்று பார்க்க வேண்டும்.

தேசியக் கல்லூரி மல்யுத்தப் போட்டி 1928-ல்தான் தொடங்கியது, அயோவாவில் ஏம்ஸ் நகரத்தில். அதிலிருந்து 1940 வரை 13 போட்டிகள். அதில் 11 முறை அணிப் பட்டம் ஒக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரிக்கு. கோச் கல்லகர். யார் இந்தக் கல்லகர்? கீனுக்குக் குரு. தன் குருவையே எதிர்த்து அணி கட்ட வேண்டிய நிலைமை.

கல்லகர் கதையைக் கொஞ்சம் சொல்லாமல் நகர முடியவில்லை. கால்பந்து வீரர். படித்தது எலக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங், 1909-ல் பட்டம். மல்யுத்தம் ஆடியவரே இல்லை. பந்தயத்தில் இறங்காத ஒருவர், நெம்புகோல் எப்படி வேலை செய்கிறது, எடை எங்கே விழுகிறது, மூட்டு எந்தப் பக்கம் மடங்காது என்று இயந்திரத்தைப் பார்ப்பது போல உடம்பைப் பார்த்து நூற்றுக்கணக்கான பிடிகளை வகுத்தார். அவர் காலத்தில் அந்த அணி 138 வெற்றி, 5 தோல்வி, 4 சமன். கடைசி வருடங்களில் பார்க்கின்சன் நோய் வந்து கை நடுங்க ஆரம்பித்த பிறகும் சொல்லிக்கொடுத்தார். 1940-ல் இறந்தார். அந்தக் கல்லூரி இருக்கும் ஸ்டில்வாட்டரில் அவர் பெயரில் அரங்கம் இன்றும் இருக்கிறது.

அவரிடம் கற்ற கீன், மல்யுத்தம் வீட்டுப் பாடம் போல ஊறிய ஒக்லஹோமாவை விட்டு, கால்பந்துதான் உயிர் என்றிருந்த மிஷிகனுக்கு வந்தார். இங்கே எவ்வளவு தோற்றார் என்றால், 45 வருடத்தில் 91 தோல்வி. வெற்றி 270-க்கும் மேல். 1963, 1964, 1965 மூன்று வருடமும் தொடர்ந்து பிக் டென் பட்டம் (மிஷிகன் ஆடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு அது). 1967-ல் தேசிய அளவில் இரண்டாவது இடம், முதல் இடம் பக்கத்து ஊர் மிஷிகன் ஸ்டேட் அணிக்கு. அந்த இரண்டாவது இடம் அவருக்கு வலித்திருக்கும். 65 வயதில், பக்கத்து ஊர்க்காரர்களிடம்!

டிசம்பர் 17

ஒரு வாரமாக எழுதவில்லை. மகனுக்குக் காதில் அடி.

பயிற்சியில் ஹெட்கியர் போடாமல் ஆடியிருக்கிறான். போட்டியில்தானே கட்டாயம், பயிற்சியில் யாரும் போடுவதில்லை என்றான். வெள்ளிக்கிழமை இரவு சாப்பிடும்போதுதான் பார்த்தேன். இடது காது மடலின் மேல் மடிப்பு, எப்போதும் பள்ளமாக இருக்கும் இடம், நிறைந்து மேடாக இருந்தது. தொட்டால் நீர் கோத்த பழம் போல அமுங்கியது. வலி அதிகம் இல்லை என்றான். அதுதான் ஆபத்து, வலி இல்லாததால் விட்டுவிடுவார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். காது மடலுக்குள் இருப்பது குருத்தெலும்பு. அதற்குத் தனியாக ரத்தக் குழாய் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் ஊட்டம். உரசலில் அந்தச் சவ்வு பிரிந்து இடையில் ரத்தம் தேங்கிவிடுகிறது. ஊட்டம் நின்ற குருத்தெலும்பு சாகிறது. அந்த இடத்தில் கெட்டியான திசு வளர்ந்து காது சுருண்டுவிடும். காலிஃபிளவர் காது என்பார்கள். ஒரு முறை கெட்டியானால் பிறகு அறுவை சிகிச்சைதான்.

முதலில் போன கிளினிக்கில் ஊசி போட்டு ரத்தத்தை எடுத்துவிட்டு, மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் மறுபடி அதே வீக்கம். ரத்தத்தை எடுத்தால் மட்டும் போதாது, தோலையும் குருத்தெலும்பையும் சேர்த்து அழுத்தி வைக்க வேண்டும். வேறு இடத்துக்கு ஓடினோம். அந்த டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்து, காதின் முன்னும் பின்னும் சின்னச் சின்னப் பஞ்சு உருளைகள் வைத்து, ஊசி நூலால் சேர்த்துத் தைத்தார். தலையணைக்கு உறை தைப்பது மாதிரி, அவ்வளவு நிதானமாக. ஒரு வாரம் அப்படியே இருக்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து அந்த ஹெட்கியரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு கிண்ணம், நான்கைந்து பட்டை. கிண்ணத்தில் துளை இருக்கிறது, கோச் கத்துவது காதில் விழ வேண்டும் அல்லவா. நெற்றிக்கு ஒன்று, உச்சந்தலைக்கு ஒன்று, பின்மண்டைக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று என்று பட்டைகள். நாற்பது வருடமாகப் பையன்களின் காதைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒருவர்தான் இதை யோசித்திருக்க முடியும் என்று எனக்கு அப்போது பட்டது. பட்டத்தை எண்ணுகிறவர்கள் இதை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

டிசம்பர் 18

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். நாற்பது வருடம் இல்லை. கம்பெனி ஆரம்பித்தது 1958. அப்போது அவர் கோச்சாகி 33 வருடம். காதுக் காப்பு அதற்கு முன்பே சில வகைகளில் இருந்தது. முதன்முதலில் அவர்தான் கண்டுபிடித்தார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாரம் இல்லாமல், நழுவாமல், பையன்கள் மறுக்காமல் போட்டுக்கொள்கிற மாதிரி செய்து நாடு முழுவதும் கொண்டுபோனவர் என்பதுதான் சரி. கால்பந்து வேலையை விட்டதும் அதே 1958 என்பதைக் கவனியுங்கள்.

டிசம்பர் 19

மகன் நன்றாக இருக்கிறான். கேட்ட எல்லோருக்கும் நன்றி.

2024 ஜனவரி 9

தூக்கமே இல்லை. நேற்று இரவு ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13 என்று வீழ்த்தி மிஷிகன் கால்பந்தில் தேசியச் சாம்பியன். இந்தப் பருவத்தில் 15 ஆட்டம், 15 வெற்றி. தெருவில் நள்ளிரவு தாண்டியும் ஹாரன் சத்தம். வீட்டுக்காரர் முதல்முறையாக கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார்.

இதிலிருந்துதான் எனக்கு ஒன்று தோன்றியது. தேசியப் பட்டம் இல்லாத மனிதர் என்று கீனைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1932-லும் 1933-லும் மிஷிகன் கால்பந்து அணி தேசியச் சாம்பியன் என்று ஏற்கப்பட்ட அணி. அந்த இரண்டு வருடமும் உதவிக் கோச்சுகளில் கீன் ஒருவர். அந்த அணியில் சென்டராக இருந்த பையன் ஒருவன் 1934-ல் அணியின் சிறந்த வீரன் என்று தேர்வானான். பெயர் ஜெரால்ட் ஃபோர்ட். பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதி.

ஆனால் உதவிக் கோச்சின் பெயர் கோப்பையில் வராது. நான் 1932-ஐ அவர் கணக்கில் சேர்த்துப் பேசுவது அவருக்கே பிடிக்குமா என்பது வேறு கேள்வி. சேர்க்க மாட்டேன். இருந்தார், அவ்வளவுதான்.

ஜனவரி 10

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகும் இதே நினைவு. கால்பந்தில் அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பெரிய அணி இல்லை. 150 பவுண்டு அணி.

150 பவுண்டு என்றால் 68 கிலோ. அதற்கு மேல் எடை இருக்கிறவர்களுக்கு அந்தக் கால்பந்து அணியில் இடம் கிடையாது. போர் முடிந்த பிறகு பிக் டென் கல்லூரிகள் சில இப்படி அணிகளை நடத்தின. மிஷிகன் அணிக்குக் கோச் கீன். 1947-லும் 1948-லும் அந்தப் பிரிவின் பட்டம் அவர் அணிக்கு. அதே இரண்டு வருடமும் மிஷிகனின் பெரிய அணியும் நாட்டில் முதலிடம். 1948 ஜனவரி 1-ல் ரோஸ் பௌல் என்ற புத்தாண்டு ஆட்டத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவை 49-0 என்று நொறுக்கிய அணி அது. அந்த வெளிச்சத்தில் இந்தச் சின்னப் பையன்களை யார் பார்த்திருப்பார்கள்?

எனக்கு ஏன் பிடித்தது என்று சொல்கிறேன். என் மகன் முதலில் கேட்டது கால்பந்துதான். ஒன்பதாம் வகுப்பில் போய் நின்றான். பக்கத்தில் நின்ற பையன்கள் 200 பவுண்டு, 220 பவுண்டு. இவன் 121. ஒரு மாதம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தான். எங்கள் வீட்டில் யாருக்கும் பெரிய உடம்பு இல்லை. நாம் போட்ட சாப்பாடு போதவில்லையோ என்றுகூட நினைத்திருக்கிறேன். மல்யுத்தத்தில் சேர்ந்த அன்று கோச் அவனை எடை மிஷினில் நிற்க வைத்து, உன் எடைக்காரனோடுதான் உனக்குப் போட்டி என்றார். அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உடம்பு சின்னது என்பது குறை இல்லை, அது ஒரு பிரிவு. கீன் அந்த நியாயத்தை மல்யுத்தத்திலிருந்து கால்பந்துக்குக் கொண்டுபோனார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். எடை வைத்துக் கால்பந்து நடத்துவது அவர் யோசனை இல்லை, கிழக்குப் பகுதிக் கல்லூரிகளில் 1930-களிலேயே உண்டு. ஆனால் அந்த அணியை நடத்த மல்யுத்தக் கோச்சைவிடப் பொருத்தமானவர் யார்?

ஜனவரி 14

"வேறு வழி இல்லாததால் அங்கேயே 45 வருடம் இருந்துவிட்டார்" என்று ஒருவர். இல்லை. கோச்சாக வேலை பார்த்துக்கொண்டே மிஷிகன் சட்டக் கல்லூரியில் படித்து 1933-ல் சட்டப் பட்டம் வாங்கியவர். அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம் அப்போதும் இப்போதும் சாதாரணம் கிடையாது. நாட்டில் பொருளாதார மந்த காலம், வேலையே இல்லாத நேரம். வக்கீலாகப் போயிருந்தால் நல்ல வரும்படி. போகவில்லை. இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்தார். விமானி ஆகப்போகும் பையன்களுக்கு மல்யுத்தம் கற்பிக்கக் கடற்படை போட்ட கையேட்டை எழுதிய மூவரில் ஒருவர். போர் முடிந்ததும் திரும்ப ஆன் ஆர்பர், திரும்ப அதே மல்யுத்த மேட் (மெத்தை விரிப்பு).

ஜனவரி 27

சேலத்து சார் கேட்டிருந்தார், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் கீன் அமெரிக்க அணியோடு போனாரே, அதே போட்டியில் நம் மல்யுத்த வீரர் கே.டி. ஜாதவும் இருந்தாரே, சந்தித்திருப்பார்களா என்று. சார், பள்ளியில் முப்பது வருடம் விளையாட்டு ஆசிரியராக இருந்த உங்களுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். இருவரும் அங்கே இருந்தார்கள் என்பது வரை சரி. அமெரிக்க அணியின் பொறுப்பில் இருந்தவர்களில் கீன் ஒருவர். அந்த அணிக்கு ஃப்ரீஸ்டைலில் இரண்டு தங்கம், ஹென்றி விட்டன்பர்கும் கிளென் பிராண்டும். மண் கோதாவில் வளர்ந்த ஜாதவ், மேட் மேல் ஆடி ஆறாவது இடம் பிடித்தார். அவரை அதற்குத் தயார் செய்தவர் ரீஸ் கார்ட்னர் என்ற அமெரிக்கர்.

அடுத்த ஒலிம்பிக்கில் ஹெல்சிங்கியில் ஜாதவுக்கு வெண்கலம். அந்தப் பயணத்துக்குப் பணம் போதாமல், அவர் படித்த கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் முதல்வர் தன் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார் என்பது நீங்கள் அறிந்ததுதான். நாம் கீனைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்த முதல்வரையும் ஒரு நிமிடம் நினைக்கலாம்.

பிப்ரவரி 9

இன்று எம்.எஸ். சுவாமிநாதனுக்குப் பாரத ரத்னா அறிவித்திருக்கிறார்கள். போன செப்டம்பரில்தான் மறைந்தார். இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், காரணம் இருக்கிறது. கீன் உருவாக்கிய சாம்பியன்களில் ஹரால்ட் நிக்கல்ஸ் ஒருவர். 1939-ல் 145 பவுண்டில் தேசியச் சாம்பியன். அவர் தம்பி டான் அடுத்த வருடம் சாம்பியன். இந்த ஹரால்ட் நிக்கல்ஸ் பின்னாளில் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கோச்சாகி ஆறு தேசிய அணிப் பட்டம் வென்றார். அவரிடம் வந்து சேர்ந்த பையன்தான் டான் கேபிள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம். பிறகு அயோவா பல்கலைக்கழகத்தில் கோச்சாக 15 தேசியப் பட்டம். கல்லகர், கீன், நிக்கல்ஸ், கேபிள் என்று ஒரு குரு பரம்பரை. பட்டம் எங்கே என்று கேட்டவருக்கு இதையே பதிலாக எழுத வைத்திருந்தேன்.

எழுதும் முன் நிக்கல்ஸ் ஊரைப் பார்த்தேன். அயோவாவில் கிரெஸ்கோ. அந்த ஊர்ப் பள்ளியில் அவருக்குச் சில வருடம் முன் மல்யுத்தம் ஆடிய ஒருவர் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நார்மன் போர்லாக். சுவாமிநாதன் இந்தியாவுக்கு அழைத்து வந்தாரே, குட்டைக் கோதுமை, பசுமைப் புரட்சி, நோபல் பரிசு, அதே போர்லாக். மினசோட்டா பல்கலைக்கழகத்திலும் மல்யுத்தம் ஆடி பிக் டென் அரையிறுதி வரை போனவர். ஸ்டில்வாட்டரில் இருக்கும் தேசிய மல்யுத்த ஹால் ஆஃப் ஃபேமில் (பெருமைக்குரியவர்களைப் பதிவு செய்யும் கூடம்) கீனுக்கும் இடம் உண்டு, இவருக்கும் இடம் உண்டு.

ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக் கூடத்தின் மேட்டில் உருண்ட பையன்களில் ஒருவர் இங்கே கோச், இன்னொருவர் நம் ஊர் ரேஷன் கடை வரை வந்து சேர்ந்த தானியத்துக்குக் காரணம்.

பிப்ரவரி 9, இரவு

யோசித்துப் பார்த்தால் என் பரம்பரைக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. நிக்கல்ஸ் மிஷிகனுக்கு வரும்போது வெறும் கையோடு வரவில்லை. கிரெஸ்கோவில் அந்தப் பள்ளிக் கோச், டேவ் பார்ட்டெல்மா, ஏற்கெனவே செதுக்கி அனுப்பியிருக்கிறார். கேபிளும் அப்படித்தான், வாட்டர்லூவில் பள்ளி நாளிலேயே தோல்வி தெரியாதவர். அப்படியென்றால் கேபிளின் 15 பட்டத்தைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு வந்து கீன் மடியில் வைப்பது நியாயம் இல்லை. வாபஸ் வாங்குகிறேன். நிக்கல்ஸ் கோச் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த இடம் கீனின் அறை என்பது வரை நிற்கும்.

பிப்ரவரி 11

நேற்று மாவட்டப் போட்டி. 132 பவுண்டு. முதல் நால்வருக்குத்தான் அடுத்த சுற்று. காலை ஐந்தரைக்கு எழுந்து போனோம். பள்ளி ஜிம்முக்குள் நான்கு மேட், நான்கு மேட்டிலும் ஒரே நேரத்தில் விசில். முதல் ஆட்டம் ஜெயித்தான். இரண்டாவது தோற்றான். தோற்றவர்கள் பக்கம் போய் ஒன்று ஜெயித்தான். அடுத்தது ஜெயித்தால் உள்ளே. கடைசி 20 வினாடி வரை ஒரு புள்ளி முன்னால் இருந்தான். பிறகு அந்தப் பையன் காலைப் பிடித்துவிட்டான். ஒரு புள்ளியில் தோல்வி.

அவன் மேட்டை விட்டு வந்ததும் ஹெட்கியரைக் கழற்றினான். பட்டை இருந்த இடமெல்லாம் நெற்றியில் சிவப்புக் கோடு. அழவில்லை. நான்தான் பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்தேன். கோச் அவனிடம் பேசியதைத் தூரத்திலிருந்து பார்த்தேன், ஒரு கையால் அவன் பிடரியைப் பிடித்துக்கொண்டு, நெற்றியோடு நெற்றி ஒட்டி, ஒரு நிமிடம் இருக்கும். என்ன சொன்னார் என்று கேட்டேன். "இடது காலை ஏன் பின்னால் விட்டாய் என்று கேட்டார்" என்றான். வேறு ஒன்றும் இல்லையாம்.

பிப்ரவரி 12

முதலில் கேள்வி கேட்ட தம்பி நேற்றுப் பதிவைப் படித்துவிட்டு, "அக்கா, நான் கேட்டது எண்களைப் பற்றி, நீங்கள் சொல்வது மனிதரைப் பற்றி" என்கிறார். சரியான பேச்சு. எண்களை வைத்துப் பார்த்தால் கல்லகர் பெரியவர், நிக்கல்ஸ் பெரியவர், கேபிள் எல்லோரையும் விடப் பெரியவர். அதை மறுக்கவில்லை. டிசம்பரில் நான் கல்லகரைக் காரணம் காட்டி கீனின் பட்டமின்மைக்குச் சமாதானம் சொன்னேன். 1940-க்குப் பிறகு முப்பது வருடம் இருந்ததே, அதற்கு அந்தச் சமாதானம் செல்லாது. தோற்றிருக்கிறார். அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 25

பருவம் முடிந்துவிட்டது. சாமான்களைத் திருப்பிக் கொடுக்கப் பள்ளிக்குப் போயிருந்தோம். மகனின் கோச் இலையுதிர் காலத்தில் ஜூனியர் கால்பந்து அணிக்கும் கோச். பகலில் கணக்கு வாத்தியார். நாங்கள் போகும்போது மல்யுத்த அறையில் தனியாக மேட் துடைத்துக்கொண்டிருந்தார்.

தினமும் செய்கிற வேலை. கிருமிநாசினி கலந்த வாளி, அகல மாப். சுவரோரம் தொடங்கிப் பின்னோக்கி நடந்துகொண்டே, ஒரு கோடு விடாமல். மேட்டில் படர்தாமரை பரவினால் அணியில் பாதிப் பேர் போட்டிக்குப் போக முடியாது. ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் ஒவ்வொருவர் தோலையும் பார்த்துத்தான் விடுவார். பருவம்தான் முடிந்ததே, இன்னும் ஏன் என்று கேட்டேன். சின்னப் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் வந்து உருளுகிறார்களாம்.

அவருக்குக் கீனைத் தெரியுமா என்று கேட்டேன். பார்த்ததில்லை, கீன் 1991-ல் போய்விட்டார் என்றார். ஆனால் ஆன் ஆர்பர் அரங்கத்தில் மாணவனாக ஆடியிருக்கிறார். "அது முன்னால் நீச்சல் குளம், தெரியுமா?" என்றார். தெரியும். மாட் மேன் என்ற நீச்சல் கோச்சின் பெயரில் 1956-ல் கட்டிய குளத்தை மூடித்தான் அரங்கம் ஆக்கினார்கள். 1990-ல் கீன் பெயர் வைத்தபோது அவர் உயிரோடு இருந்தார். 1,800 பேர் உட்காரலாம். பக்கத்துக் கால்பந்து மைதானத்தில் 107,601 பேர்.

மகன் ஹெட்கியரை நீட்டினான். அது எங்கள் காசில் வாங்கியது, திருப்பித் தர வேண்டியதில்லை. தலை வளர்ந்துவிட்டது, சனிக்கிழமைப் பிள்ளைகள் யாருக்காவது ஆகும் என்றான். கோச் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அதை வாங்கி, தாடைப் பட்டையின் பொத்தானை இரண்டு முறை போட்டுக் கழற்றிப் பார்த்தார். கிண்ணத்தின் உள்பக்கத்து ஸ்பாஞ்சை விரலால் அழுத்திப் பார்த்தார். இன்னும் இரண்டு வருடம் தாங்கும் என்றார்.